வயிற்றில் குழந்தை, பக்கத்தில் ஒரு கட்டி

(நமது நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிகிறது. "இவர் டாக்டர் இல்லையே, அதுவும் எழுபது கடந்த ஆண்பிள்ளை, இவருக்கு எதற்கு இந்த விஷயம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய அரசுப் புள்ளிவிவரத் துறையில் 38 வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சொல்லவும் போவதில்லை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு ஓவரியில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்தால், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எங்கள் குடும்பத்தில் இது இரண்டு முறை நடந்தது. முதல் முறை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை தெரிந்தும், என் அவசர புத்தியால் மூன்று ராத்திரி வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.

1961-ல் நடந்தது

அப்போது எனக்கு 12 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் என் சித்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், நாலாம் மாசம். விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் சித்தி திடீரென்று வலது பக்கத்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமக் கஷாயம் கொடுத்தார்கள், பெருங்காயத்தைக் கரைத்துத் தடவினார்கள். வலி விட்டு விட்டு வந்ததால், குறைந்துவிட்டது என்று இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் ஜுரம் வந்த பிறகுதான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தபோது, ஒரு பக்கத்து ஓவரியில் இருந்த கட்டி காம்போடு முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துப் போயிருந்ததாம். அந்த ஓவரியை எடுத்துவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

சித்தி பிழைத்தாள். மீதமிருந்த ஒரு ஓவரியோடு 1964-லும் 1967-லும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் சொன்ன காரணம், "வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கிணற்றில் ஜலம் சேந்தினாள்" என்பதுதான். அந்த வார்த்தை அவளை எவ்வளவு காலம் தொடர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல

சினைப்பை என்று தமிழில் சொல்லும் ஓவரி, பெரிய பாதாம் பருப்பு அளவில் இருப்பது. மாதா மாதம் அதில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரள் உண்டாகிறது. இதற்குக் கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர். கர்ப்பம் தரித்துவிட்டால் இந்தத் திரள்தான் முதல் ஏழெட்டு வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கர்ப்பத்தைத் தாங்குகிறது. பிறகு நஞ்சு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சாப்போ என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. ஏழு வாரத்துக்கு முன் இந்தத் திரளை அகற்றினால் கர்ப்பம் கலைந்தது. சில வாரம் கழித்து அகற்றினால் நிலைத்தது.

இந்தத் திரளிலேயே நீரோ ரத்தமோ தேங்கி நாலைந்து சென்டிமீட்டர் கட்டியாகத் தெரிவதுண்டு. கர்ப்ப காலத்தின் முதல் மூன்று மாதத்தில் ஓவரியில் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதாவது, வியாதி என்று நாம் பயப்படுவது, பல சமயம் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் உறுப்பே! வேலை முடிந்ததும் 14-லிருந்து 16 வாரத்துக்குள் தானே சுருங்கி மறைந்துவிடும்.

மறையாமல் நிற்பவை வேறு. அவற்றில் அதிகம் காணப்படுவது டெர்மாய்ட் என்ற கட்டி. இதற்குள் கொழுப்பு, தலைமயிர், சில சமயம் பல்கூட இருக்கும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் பெரும்பாலும் சாதுவானது. அடுத்து, தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள், எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயால் உண்டாகும் பழைய ரத்தம் தேங்கிய கட்டிகள். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்கும் ஃபைப்ராய்ட்கூட ஓவரிக் கட்டி போலத் தோன்றி ஏமாற்றும். இவை தவிர, புற்றுநோய்.

எங்கள் துறையில் ஒரு பழமொழி போலச் சொல்வோம்: விகிதம் சொன்னால் போதாது, எதில் விகிதம் என்றும் சொல்லவேண்டும். குறிப்பிடத்தக்க அளவில் ஓவரிக் கட்டி தெரிவது சுமார் 100 கர்ப்பங்களில் ஒன்று இரண்டில்தான். அவற்றிலும் பெரும்பகுதி தானே மறைகிறது. மறையாமல் நிற்கும் கட்டிகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், அவற்றில் 100-க்கு ஒன்றிலிருந்து ஆறு வரைதான் புற்றுநோய். அதுவும் பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே அகப்படுகிறது. காரணம், கர்ப்பத்துக்காக எடுத்த ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கையால் தடவிப் பார்த்த காலம்

ஸ்கேன் இல்லாத காலத்தில் கட்டியையும் கர்ப்பத்தையும் பிரித்தறிவதே பெரும்பாடாக இருந்தது. 1809-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. பிரசவ நாள் தள்ளிப்போகிறது என்று உள்ளூர் வைத்தியர்கள் நினைத்தார்கள். இஃப்ரயீம் மெக்டவல் என்ற டாக்டர் வந்து கையாலேயே பரிசோதித்து, இது குழந்தை அல்ல, ஓவரிக் கட்டி என்று சொன்னார். அந்த அம்மாள் சுமார் 60 மைல் குதிரையில் பயணம் செய்து அவர் ஊருக்கு வந்தாள். மயக்க மருந்தே இல்லாத காலம். ஆபரேஷனில் ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை எடுத்தார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 32 வருஷம் வாழ்ந்தாள்!

ஸ்கேன் பிறந்ததே ஓவரிக் கட்டியோடுதான் என்பது பௌதிகம் படித்த எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐயன் டொனால்டு என்ற மகப்பேறு பேராசிரியர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப்படையில் பணியாற்றியவர். ரேடார், சோனார் விஷயங்களை அறிந்தவர். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்திப் பார்க்கும் கருவி ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் இருந்தது. 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த ஃபைப்ராய்ட்களையும் ஓவரிக் கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார்! நீர்க்கட்டி ஒரு மாதிரியும், கெட்டியான கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. சில காலம் கழித்து, வயிற்றில் ஆபரேஷன் செய்ய முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியை இந்த முறையில் சோதித்தார்கள். அது பெரிய ஓவரி நீர்க்கட்டி என்று தெரிந்தது. எடுத்துவிட்டார்கள், பிழைத்தாள். டொனால்டும் அவருடைய சகாக்கள் மக்விகாரும் பிரவுனும் சேர்ந்து இதையெல்லாம் 1958 ஜூனில் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். 1961-ல் கும்பகோணத்தில் என் சித்தி வலியால் துடித்தபோது, இந்த அறிவு உலகத்தில் பிறந்து மூன்று வருஷமாகியிருந்தது. எங்களிடம் வந்து சேரத்தான் இல்லை.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள்?

நம் உடம்பின் மென்மையான பகுதிகளில் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு பொருளிலிருந்து வேறு பொருளுக்குள் நுழையும் எல்லையில் கொஞ்சம் எதிரொலியாகத் திரும்பி வருகிறது. தெளிந்த நீருக்குள் அப்படி எல்லை எதுவும் இல்லை. ஆகவே நீர்க்கட்டி கறுப்பாகத் தெரியும். மெல்லிய சுவர், உள்ளே முழுக் கறுப்பு, தடுப்பு எதுவும் இல்லை என்றால் மனநிம்மதியோடு காத்திருக்கலாம். ரத்தம் கசிந்து உறைந்த கட்டிக்குள் வலை பின்னியது போல இருக்கும். டெர்மாய்டில் கொழுப்பும் மயிரும் இருப்பதால் வெள்ளையாகப் பளிச்சிட்டு, அதன் பின்னால் நிழல் விழும். பழைய ரத்தம் தேங்கிய கட்டி, தேய்த்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும்.

கவலைப்படவேண்டியவை எவை? ஒழுங்கற்ற கெட்டிப் பகுதிகள், சுவரிலிருந்து உள்நோக்கிக் காலிஃபிளவர் போல் முளைத்த மொட்டுகள், அவற்றுக்குள் பலமான ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் கோர்த்தல். ஐயோட்டா என்ற சர்வதேச ஆராய்ச்சிக் குழு 2008-ல் இவற்றை எளிய விதிகளாக வகுத்துக் கொடுத்தது. ஆனால் கர்ப்ப காலத்தில் ஒரு தந்திரம் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் கட்டியின் உட்சுவர் கர்ப்ப ஹார்மோன்களால் தடித்து, மொட்டு விட்டது போலாகி, புற்றுநோயைப் போலவே வேஷம் போடும். ஆகவே இதில் அனுபவம் உள்ளவர் பார்ப்பது முக்கியம்.

ஸ்கேனில் சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் செலுத்தாமலேயே எடுப்பது வழக்கம். சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் உண்டென்பதால் கூடுமானவரை தவிர்ப்பார்கள். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை பெரிதாகி ஓவரிகளை மேலே தள்ளி மறைத்துவிடும் என்பதையும் ஞாபகத்தில் வைக்கவேண்டும். ஆகவே முதல் மூன்று மாதத்து ஸ்கேன்தான் ஓவரிகளைப் பார்க்க நல்ல சந்தர்ப்பம்.

நான் செய்த தவறு

இப்போது 2012-க்கு வருகிறேன். என் இளைய பெண் புனேயில் இருந்தாள். ஜூலை கடைசியில், எட்டாவது வார ஸ்கேனில் இடது ஓவரியில் 8 சென்டிமீட்டர் கட்டி என்று வந்தது. டாக்டரம்மா நிதானமாக, "இப்போது ஒன்றும் செய்யவேண்டாம். 14-வது வாரம் மறுபடி பார்க்கலாம். இடையில் ஒரு பக்கமாகத் திடீர் வலியோ வாந்தியோ வந்தால் ராத்திரி 2 மணியானாலும் உடனே வரவேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. சயன்ஸ் படித்தவன் அல்லவா! கம்ப்யூட்டரில் தேடி, சி.ஏ.125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, ஓவரிப் புற்றுநோயில் அது ஏறும், 35-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று படித்தேன். டாக்டரிடம் கேட்காமல், பெண்ணைக் கட்டாயப்படுத்தி ஒரு லேபில் ரத்தம் கொடுக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டில் 92 என்று வந்தது.

அந்த மூன்று ராத்திரிகளை நான் விவரிக்க விரும்பவில்லை. என் மனைவி ஸ்வாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவர், "கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு வைத்தியம் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்" என்று போனில் சொன்னார். மாப்பிள்ளை ஒன்றுமே பேசவில்லை. என் பெண் மட்டும், "அப்பா, நீங்கள்தானே கேட்டீர்கள், இப்போது நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நான்காம் நாள் டாக்டரம்மாவிடம் போய் ரிப்போர்ட்டை நீட்டினோம். அவர் கோபப்படவில்லை. "ஸார், முதல் மூன்று மாதத்தில் எந்தக் கட்டியும் இல்லாத கர்ப்பிணிக்கும் இது ஏறும். கர்ப்பமே இதை ஏற்றுகிறது. அதனால்தான் நான் எழுதவில்லை" என்றார். மற்ற பரிசோதனைகளும் இதே கதைதானாம். ஏ.எஃப்.பி. என்பதைக் குழந்தையே சுரக்கிறது. எச்.சி.ஜி. என்பதை நஞ்சு சுரக்கிறது. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே அதுதான். சாதாரணக் காலத்தில் ஓவரிக் கட்டியைப் பற்றித் துப்பு கொடுக்கும் இவை, கர்ப்ப காலத்தில் பொய்ச்சாட்சி சொல்லும். ஸ்கேனில் சந்தேகத்துக்கு இடம் இருக்கும்போது மட்டும் தெரிந்தவர்கள் கேட்டு, தெரிந்தவர்கள் படிக்கவேண்டியவை. எந்த எண்ணுக்கும் அதன் பின்னணி தெரியாமல் அர்த்தம் சொல்லக்கூடாது என்று 38 வருஷம் கீழே உள்ளவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். என் பெண் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

14-வது வாரம் மறுபடி ஸ்கேன். கட்டி அதே 8 சென்டிமீட்டர், மறையவில்லை, வளரவுமில்லை. உள்ளே வெள்ளையாகப் பளிச்சென்று, பின்னால் நிழலோடு ஒரு பகுதி. டெர்மாய்ட் என்று தீர்மானித்தார்கள். இரண்டு வழிகளையும் டாக்டரம்மா விளக்கினார். அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். சிறிய டெர்மாய்டாக இருந்தால் அதுதான் வழக்கம். ஆனால் இந்த அளவில் முறுக்கிக்கொள்ளவோ வெடிக்கவோ பிரசவத்துக்கு இடைஞ்சலாகவோ வாய்ப்பு உண்டு. கட்டி உள்ள கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் முறுக்கு ஏற்படுகிறது. ஆனால் ஏற்பட்டால் அவசர ஆபரேஷன். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் அதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு 14 வாரத்துக்கு மேல்தான் நல்ல காலம். குழந்தையின் அங்கங்கள் உருவாகி முடிந்திருக்கும். நஞ்சு ஹார்மோன் பொறுப்பை ஏற்றிருக்கும். கர்ப்பப்பையும் இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருக்காது.

முடிவை என் பெண்ணும் மாப்பிள்ளையும் எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பர் கடைசியில், 16-வது வாரத்தில், லேப்ராஸ்கோப்பி முறையில் கட்டியை மட்டும் உரித்து எடுத்தார்கள், ஓவரியை எடுக்கவில்லை. பரிசோதனையில் சாதுவான டெர்மாய்ட் என்று உறுதியாயிற்று. 2013 மார்ச்சில் பேத்தி பிறந்தாள்.

சித்தி கேட்ட கேள்வி

புண்யாஹவாசனத்துக்குச் சித்தி வந்திருந்தாள். 74 வயது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் என்னிடம் விசாரித்தாள். கட்டி ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று கேட்டாள். கர்ப்பப்பை மேலே எழும்பும்போது ஓவரியும் அதோடு நகர்கிறது, கனமான கட்டி இருந்தால் காம்பில் சுற்றிக்கொள்ளும், பத்தாவது வாரத்திலிருந்து பதினேழாவது வாரம் வரை இது அதிகம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஏண்டாப்பா, அப்போ நான் ஜலம் சேந்தினதால இல்லையா?" என்றாள்.

இல்லை சித்தி என்றேன். "யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். 52 வருஷம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். இந்த உரையை நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

நான் வேண்டிக்கொள்வது

1. கர்ப்பம் உறுதியானதும் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் அவசியம். "ஓவரிகளையும் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

2. கட்டி என்று வந்தால் பதறவேண்டாம். அளவு என்ன, உள்ளே நீரா கெட்டியா, அடுத்த ஸ்கேன் எப்போது என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை எறியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பாதி உண்மை தெரிகிறது.

3. ஒரு பக்கமாகத் திடீர் வலி, வாந்தி என்றால் கஷாயத்தில் காலம் கடத்தாதீர்கள். வலி விட்டு விட்டு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும்கூட முறுக்கு இருக்கலாம், டாக்டரே தீர்மானிக்கட்டும்.

4. கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி எஃப் படிவம் பூர்த்தி செய்யவேண்டும். ஓவரிக் கட்டிச் சந்தேகம் அந்தப் படிவத்திலேயே அனுமதித்த காரணங்களில் ஒன்று. ஆகவே மறு ஸ்கேனுக்கு டாக்டரின் சீட்டில் காரணத்தை எழுதி வாங்கிப் போங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், அது குற்றம்.

5. டாக்டர் எழுதாத ரத்தப் பரிசோதனையை நாமாகச் செய்துகொள்ளவேண்டாம். இதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

6. கடைசியாக ஆண்களுக்கு. இந்த விஷயங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள், தெரிந்துகொள்ளுங்கள். முடிவை அந்தப் பெண் எடுக்கட்டும். எது நடந்தாலும், அவள் இதைச் செய்தாள் அதைச் செய்தாள் என்று காரணம் மட்டும் கற்பிக்காதீர்கள்.